சிவப்புப் பொட்டு வச்ச கண்டன்சர்

ஹலோ... ஹலோ, ஆமா, ரிப்பேர் கடைதான், சொல்லுங்க... யாரு?... ஓ. நீயா. என்னடி, பெரிய மனுஷி, அக்கா நம்பரெல்லாம் ஞாபகம் இருக்கா?...

கேட்டேன், கேட்டேன். ரேடியோவுல உன் பேட்டிய முழுசா கேட்டேன். ஒரு கையில ஒயர் ஒட்டற சால்டரிங் அயர்னை வேற வச்சுக்கிட்டு கேட்டேன், விரல் சுட்டதுதான் மிச்சம். "தகரக்கூரை இசைக்குழுவோட முதல் ரசிகை இவங்கதான்"னு பேட்டி எடுக்கற ஆளு சொல்றாரு, நீயும் வாய் கூசாம "ஆமாங்க, ஆமாங்க"ங்கற...

நான் எங்கடி கத்துறேன்? என் குரலே இப்படித்தான்...

இரு, ஒரு நிமிஷம். அண்ணே, உங்க மிக்ஸி நாளைக்குத்தான். காயில் சுத்தணும்... ஆமா, ஆமா, நாளைக்குக் கண்டிப்பா... ம், சொல்லு.

பொறாமையா? ஆமா, பொறாமைதான். வயிறு எரியுது. போதுமா?... பின்ன என்ன? பத்து வருஷத்துக்கு முன்னாடி அவங்க அந்த ஓட்டை ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிட்டு எங்க வந்தாங்க? நீ வேலை பாக்கற பேங்குக்கா? என் கடைக்கு. ஒயர் அறுந்துருக்கு, ஒட்டிக் குடுங்கன்னுதான் கேட்டாங்க. நான்தான் பெரிய கெட்டிக்காரியாட்டம், பெட்டி "ங்ங்ங்"னு இரையுதேன்னு, இரைச்சலை அடக்கற கண்டன்சரையும் சேர்த்து மாத்திக் குடுத்தேன்...

தெரியும்ல? தெரிஞ்சா ரேடியோவுல ஏன் சொல்லல?... ரெண்டு நாள் கழிச்சு அந்தப் பாட்டுக்காரப் பொண்ணு வந்து அழாத குறையா நிக்குது. "அக்கா, அந்த இரைச்சல்லதான் நான் சுருதி பிடிப்பேன். இப்ப எங்க முதல் பாட்டு எழும்பவே மாட்டேங்குது"ங்குது. பழைய கண்டன்சரைத் தேடிப் பழைய சாமான் டப்பாவைத் தரையில கொட்டி, முட்டி போட்டு, ஒரு மணி நேரம்... ஆமா, அதேதான். இனிமே எவனும் தெரியாம தூக்கிப் போடக் கூடாதுன்னு என் சிவப்பு நகப்பூச்சை எடுத்து அதுல ஒரு பொட்டு வச்சுத் திரும்ப மாட்டிக் குடுத்தேன்.

இல்ல, அவங்க பாட்டு எனக்கு உடனே எங்க பிடிச்சுது? சோதிச்சுப் பாக்கலாம்னு அவங்க கார் ஷெட்டுல போய் உக்காந்தேன். அப்பா! இரும்புக் கடையில சண்டை நடந்த மாதிரி இருந்துச்சு. எப்படா முடிப்பாங்கன்னு வாசலையே பாத்துட்டிருந்தேன். மறுநாள் ஒரு ஃபேனைக் கழட்டிட்டிருக்கேன், என் கை தானா அந்தத் தாளத்தைத் தட்டுது. அதுக்கப்புறம் வாராவாரம் போனேன். ஸ்க்ரூடிரைவரை விட்டுட்டேன்னு சொல்லிட்டு ஒருநாள், டெஸ்டரை விட்டுட்டேன்னு ஒருநாள்... சிரிக்காத! எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்டி. உன்னையும் கூட்டிட்டுப் போனேனே, அதான் நான் பண்ண தப்பு. காதுல பஞ்சை வச்சுட்டு உக்காந்திருந்த நீ இன்னிக்கு முதல் ரசிகை!

சரி, இப்ப எதுக்குக் கூப்பிட்ட? சாயங்காலம் அவங்க கச்சேரி மேடையில பேச வேற போறியாமே... என்னது?... மெதுவா சொல்லு. யாரு மேடையேற மாட்டேங்கறா?... பாட்டுக்காரியா? ஏன்?...

எவன் அவன்? அரங்கத்து ஆளா?... பெட்டியோட இரைச்சலைச் சரி பண்ணிட்டானா! யாரைக் கேட்டு சரி பண்ணான்?... இரு, பேசாத. போனைப் பெட்டி பக்கத்துல வை... வச்சியா?... இன்னும் கிட்ட...

ஒண்ணுமே கேக்கல. சுத்தமா தொடைச்சு வச்சுட்டானே, பாவி. அதே தப்பு. நான் பண்ண அதே தப்பு.

ஓகோ. அதனாலதான் அக்கா ஞாபகம் வந்துச்சா?... இல்ல, எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். நீயா கூப்பிட்டியா, அவங்க கூப்பிடச் சொன்னாங்களா?... என்னன்னு சொன்னாங்க?... கண்டன்சர் அக்காவா?...

இன்னுமா அப்படிக் கூப்பிடறாங்க?...

ம்... ம்... எப்பலேருந்து கேக்கறாங்க? ரெண்டு வருஷமா! ஒவ்வொரு கச்சேரிக்கும் எனக்குச் சீட்டு குடுத்து விட்டாங்களா? எங்கிட்ட ஒண்ணு கூட வரலையே. நீ என்னடி சொன்ன அவங்ககிட்ட?... "அக்காவுக்கு நேரமில்ல." அடிப்பாவி. ரெண்டு வருஷமா கடையில தனியா உக்காந்து, ஷெட்டை விட்டுப் பெரிய மேடைக்குப் போனதும் என்னை மறந்துட்டாங்கன்னு நினைச்சு...

அழாத. அழுதுட்டே பேசினா எனக்கு ஒண்ணும் புரியாது... யாருக்குப் பொறாமை? உனக்கா? எம்மேலயா?... என்ன பாட்டு வாசிச்சாலும் முதல்ல என் மூஞ்சியைத்தான் பாப்பாங்களா?... போடி...

நிஜமாவா?

சரி, சரி, மூக்கைச் சிந்து. கழட்டுன கண்டன்சரை என்ன பண்ணான்?... குப்பைத்தொட்டியில. கொட்டு. தரையில கொட்டித் தேடு... பட்டுப்புடவையா இருந்தா என்ன? முட்டி போடு. அன்னிக்கு நானும் முட்டிதான் போட்டேன்... டீ கப்பா? ஒதுக்கு. உருளையா, விரல் நீளத்துக்கு... இருக்கா? திருப்பிப் பாரு. பொட்டு?...

இருக்கா?

...

இருக்குல்ல, அதேதான். சொல்லு... இல்ல, நான் ஒண்ணும் அழல, சால்டரிங் புகை.

கேளு. பெட்டியை யாரும் தொடாதீங்க, கரண்டு உள்ளே தேங்கி நிக்கும், தூக்கி அடிக்கும். அதைக் கைக்குட்டையில சுத்தி நீயே வச்சுக்க. கடையைச் சாத்திட்டு வரேன்... அரை மணி நேரம்... மன்னிச்சுட்டேன்னு யார் சொன்னா? அதெல்லாம் வீட்டுக்கு வந்து வச்சுக்கறேன் உன்னை.

அப்புறம், முன்வரிசையில நடு நாற்காலி யாருது?... உன் பேரு ஒட்டிருக்கா? கிழி. என் பேரை ஒட்டு... என் பேரைத்தான்... ஐயோ, அது இல்லடி.

அவங்க கூப்பிடற பேரை. வை போனை.