சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறாத பூசணி

ஏறாவூர் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். மற்றவள் மடியில் டப்பா நிறைய, சீனிப்பாணியில் காய்ச்சிய பூசணித் தோசி.

"பழம் கனியிறதெண்டா, உள்ளுக்குள்ள இருக்கிற கலமெல்லாம் ஒண்டையொண்டு கைவிடுறதுகா," என்றாள் ஆய்வுகூடக்காரி.

"கலமெண்டா, பள்ளிக்கூடத்துல படிச்சமே, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறையள், அதா? அப்ப அதுவரைக்கும் புடிச்சுக்கிட்டா இருக்கும்?"

"ஓம். நடுவுல பசை மாதிரி ஒண்டு இருக்கு. அது கரைய, எல்லாம் விலகிரும். நுணுக்குக்காட்டியில பெருசாக்கிப் பாத்தா அப்பிடியே தெரியும்."

தோசிக்காரி மடியிலிருந்த டப்பாவைப் பார்த்தாள்.

"போன கிழமை கலியாணத்துக்குக் காய்ச்சினது முழுக்கக் கூழாப் போச்சு. வெட்கமாப் போச்சு எனக்கு. அவசரத்துல சுண்ணாம்புத் தண்ணியில ஊறப்போடாம விட்டுட்டன். இது ஊறப்போட்டுக் காய்ச்சினது."

"அதுதான்! அந்தப் பசைய இறுக்கிக் கட்டுறதே சுண்ணாம்புதான். நாங்களும் பப்பாசித் துண்டுக்கு அதத்தான் செஞ்சு பாக்கிறம்."

பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியது. தோசிக்காரி டப்பாவைத் திறந்து ஒரு துண்டை எடுத்து, வாவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி இருந்தது.

"கொதிக்கிற பாணிக்குள்ளயும் இதுகள் கைய விடல்லயேகா!"

தின்ன மனம் வராமல் அதைத் திரும்ப டப்பாவுக்குள் வைத்தாள்.