பணியாத தீவு

நேற்று விசாரணையின்போது பேனாவைச் சட்டைப்பையில் குத்தியிருந்தீர்கள், ஐயா. இன்று காலை அது காதுக்கு மேல் ஏறியிருந்தது. தவறொன்றும் இல்லை. எனக்குக் கண்ணில் படும், அவ்வளவுதான். முப்பது வருஷமாக அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டு வாங்கியதும் அதனால்தான். உங்கள் எழுத்தர் நல்ல மனிதர். ஆனால் நான் சாயங்காலம் என்றால் இரவு என்று எழுதிக்கொள்கிறார். அப்படி எழுதினால் ஒன்றோடு ஒன்று எப்படி ஒட்டும்?

நான் பார்ப்பது கன்டினியூட்டி வேலை. டைரக்டருக்குப் பக்கத்தில் தடித்த நோட்டோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருப்பாளே, அவள்தான். படப்பிடிப்பை யாரும் கதை வரிசையில் எடுப்பதில்லை. கதவைத் தட்டுவதை இன்று எடுப்பார்கள், கதவு திறப்பதை மூன்று மாதம் கழித்து எடுப்பார்கள். தட்டியது எந்தக் கை, எத்தனை பொத்தான் திறந்திருந்தது, நெற்றிக் காயம் எந்தப் பக்கம் என்பதெல்லாம் என் நோட்டில் இருக்கும். நேருக்கு நேர் என்னைப் புத்தகம்மா என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் கண்கொத்திப் பாம்பு என்பார்கள். இரண்டும் எனக்குச் சம்மதமே.

அந்தத் தீவுத் தொடரில் மூன்று வருஷம் இருந்தேன். உங்கள் வீட்டம்மா ஒரு நாள்கூட விடாமல் பார்த்ததாகச் சொன்னீர்கள், அதனால் கதையை நீட்டவில்லை. முந்நூறு பேர் வாழும் தீவு. எதிரே பெரிய நாடு, வாசலில் அதன் கப்பல்கள். தீவில் இருப்பது பதினோரு துப்பாக்கி, ஒரு காவல் கோபுரம், வலை வீசத் தெரிந்த ஆட்கள். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தெரிந்து வைத்திருக்கும் தபால்காரர் ஒருவர் அவர்களுக்குத் தளபதி ஆகிறார். 'நாங்கள் சிறியவர்கள்தான். ஆனால் இது எங்கள் வீடு' என்பார். அதைக் கேட்டு நாட்டில் எத்தனை பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் தெரியுமா?

எனக்குத் தெரியும். தொடருக்கு வரும் கடிதங்களை நான்தான் வாங்கிப் படிப்பேன். வேறு யாருக்கும் பொறுமை இல்லை. ஒரு பேருந்து ஓட்டுநர் எழுதியிருந்தார். அவர்கள் தெருவை இடித்துக் கடைகள் கட்ட ஆள் வந்தபோது, இருபத்தாறு குடும்பமும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்களாம். இயந்திரம் வாசல் வரை வந்து திரும்பிப் போனதாம். 'தீவு பணியல, நாங்க ஏன் பணியணும்' என்று முடித்திருந்தார். அந்தக் கடிதத்தை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்தேன். விளையாட்டுச் சாமான்களை வைத்து நாங்கள் நடத்திய ஒரு போர், நிஜத் தெரு ஒன்றைக் காப்பாற்றியிருக்கிறது. இதைவிடப் பெரிய காரியம் என் வாழ்க்கையில் நடந்ததில்லை.

பிறகு சேனல் கை மாறியது. புது முதலாளி தன் ஆள் ஒருவரை அனுப்பினார். வெயிலே படாத முகம், எப்போதும் கையில் கைபேசி. "ஜனங்க சண்டை பாத்து சலிச்சுட்டாங்க. யதார்த்தமா முடிங்க. கடைசியில தளபதி சரணடையட்டும்" என்றார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். டைரக்டர் தரையைப் பார்த்தார். கதை எழுதுகிறவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். முந்நூறு மீனவர்களுக்கு இருந்த துணிச்சல், மாதச் சம்பளம் வாங்கும் அறுபது பேருக்கு இல்லை.

அன்று நான் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். மழைக்கு முன்னால்தான் கடற்கரை கிடைக்கும் என்பதால் கடைசிப் போரை ஐந்து மாதம் முன்பே எடுத்து முடித்திருந்தோம். தளபதி புகைக்குள் நடந்து போவார், முதலில் எழுதிய முடிவு அதுதான். அவருடைய மற்ற காட்சிகளும் ஒவ்வொன்றாக முடிந்திருந்தன. பாக்கி இருந்தது புதிதாகச் சேர்த்த ஒரே ஒரு காட்சி. கோபுரத்தில் ஏறி வெள்ளைக் கொடி கட்டுவது. ஒன்றரைப் பக்கம்.

அந்த ஒன்றரைப் பக்கத்தை எடுக்க முடியாமல் போனால் தொடருக்கு ஒரு குறையும் வராது. தீவும் பணியாது. எல்லாக் காட்சியும் முடிந்துபோய், இனித் தொடருக்குத் தேவைப்படாதவர் ஒரே ஒருவர். இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் இல்லை. நோட்டைப் புரட்டினால் யாருக்கும் தெரிந்திருக்கும். யாரும் புரட்டவில்லை.

தளபதியாக நடித்தவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என் வேலைக்குக் கிடைத்த வரம் அவர். முதல் டேக்கில் எந்த வார்த்தைக்குத் தலையைத் திருப்பினாரோ, பதினான்காவது டேக்கிலும் அதே வார்த்தைக்குத் திருப்புவார். தினமும் காலையில் என்னிடம் வந்து, "புத்தகம்மா, இன்னிக்கு எனக்கு எங்க அடி பட்டிருக்கு?" என்று கேட்பார். நான் சொல்வேன். ஒரு விருது விழாவில் மட்டும், "அந்தத் தீவோட ஒவ்வொரு கல்லும் எனக்கு மனப்பாடம்" என்று பேசினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நானும் எழுந்து நின்று தட்டினேன். எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் பின்வரிசையில் இருக்கிறாள் என்று அவர் சொல்லவில்லை. மறந்திருப்பார். எல்லாம் நினைவில் வைத்துக்கொள்வது அவர் வேலை இல்லையே.

கோபுரம் முப்பதடி உயரம். கட்டியவர் எங்கள் தச்சர். எனக்கு அத்தான், அதாவது அக்காவின் கணவர். அந்த வேலையில் அவரைச் சேர்த்துவிட்டதும் நான்தான். இரண்டாம் வருஷக் கதையில் எதிரியின் குண்டு கோபுரத்தின் மேல் விழும். அதிலிருந்து கடல் பக்கக் கைப்பிடிப் பலகை ஒன்று கருகி, விரிசல் விட்டு நிற்கும். பார்வைக்குத்தான் அப்படி. பின்னால் நான்கு நீள ஆணி அடித்து அத்தான் அதை இறுக்கியிருந்தார். மாடு முட்டினாலும் அசையாது. தளபதி கோபுரத்தில் நின்ற காட்சிகள் ஒன்பது. ஒன்பதிலும் ஏறியதும் இடது கையை அந்தப் பலகையில் ஊன்றி, முழு உடம்பையும் சாய்த்துக் கடலைப் பார்ப்பார். ஒன்பதும் என் நோட்டில் தேதியோடு இருக்கிறது.

கீழே இடிபாட்டுக் கற்கள். முதலில் பஞ்சில் செய்த கற்களைத்தான் போட்டிருந்தார்கள். காற்றடித்தால் இடம் மாறுகிறது, கன்டினியூட்டி கெடுகிறது என்று சண்டை போட்டு நிஜக் கல் வரவழைத்தவள் நான். அது இரண்டு வருஷம் முன்பு. அப்போது என் மனசில் எதுவும் இல்லை.

கொடிக் காட்சி எடுப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் எல்லோரும் தேநீர் குடிக்கப் போனார்கள். அத்தானின் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். சுத்தியலின் பிளந்த பக்கத்தால் ஆணியை எப்படிக் கிளப்புவது என்று பார்த்துப் பார்த்தே பழகியிருந்தேன். நான்கையும் எடுத்தேன். பலகையைப் பொருத்தி, ஆணி இருந்த துளைகளில் மெழுகு வைத்து, கரி தடவினேன். இறங்கி வந்து என் தேநீரையும் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

அத்தான் தினமும் காலையில் கோபுரத்தில் ஏறி ஒவ்வொரு பலகையாக ஆட்டிப் பார்ப்பார். அது அவர் வழக்கம், யாரும் சொல்லிச் செய்வதில்லை. அன்றைக்கு ஏணியில் கால் வைத்தபோது மணி எட்டரை. நான் கூப்பிட்டேன்.

"அத்தான், முட்டி வலியோட எதுக்கு ஏறுறீங்க? நான் மேல போய் ஆட்டிப் பாத்துட்டேன். கெட்டியா இருக்கு."

"நீ பாத்துட்டியா? அப்ப சரி" என்று காலை இறக்கிவிட்டார். "நீ பாத்ததுக்கு மேல நான் என்ன பாக்கப்போறேன்?"

பத்து மணிக்கு ஒத்திகை. தளபதி ஏறினார். இடது கையை ஊன்றினார். அவர் ஒருபோதும் மாற்றிச் செய்கிறவர் இல்லை. நேரத்தைக் குறித்துக்கொண்டேன். பத்து மணி நான்கு நிமிடம்.

நாற்பது நாளாக அத்தான் உங்கள் காவலில் இருக்கிறார். கவனக்குறைவால் மரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் 'தப்பு என் பேர்லதான்' என்கிறாராம். நான் பார்த்துவிட்டேன் என்று சொன்னதை அவர் இதுவரை உங்களிடம் சொல்லவில்லை. எனக்குக் கண் பிசகிவிட்டது என்று நினைத்து என்னைக் காப்பாற்றுகிறார். போன வாரம் அக்கா வந்தாள். "சாப்பாடு எடுத்துட்டுப் போனேன்டி. ஒரு வாய் வைக்கல. பிள்ளைங்களப் பத்திக்கூடக் கேக்கல. அந்த மனுஷன் ஒரு ஆணி குறைச்சு அடிப்பாரா? நீ சொல்லு" என்று என் மடியில் தலை வைத்து அழுதாள். அடிக்க மாட்டார் என்று சொன்னேன். அது உண்மை. அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழியை அந்த இடத்திலிருந்து எடுத்துவிடத்தான் வந்திருக்கிறேன். இதைப் படித்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். முட்டிக்குத் தைலம் தேய்க்க வேண்டும்.

அதற்காக நான் வருந்துகிறேன் என்று எழுதிவிடாதீர்கள். போருக்குப் போனால் ஆள் சாகும். தொடரில் நாற்பத்திரண்டு பேர் செத்தார்கள், ஊரே அழுதது, ஆனாலும் யாரும் சரணடையச் சொல்லவில்லை. அந்தச் சேனல்காரர் வெள்ளைக் கொடி கட்டச் சொன்னதை அறுபது பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். நான் ஒருத்தி சும்மா இருக்கவில்லை. கடைசிப் பகுதி தளபதி புகைக்குள் நடந்து போவதோடு முடிந்து ஒளிபரப்பானது. அன்று தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை என்று பத்திரிகையில் எழுதினார்கள். தீவு பணியவில்லை. என்னை எத்தனை வருஷம் உள்ளே வைத்தாலும் அதை இனி யாராலும் மாற்ற முடியாது.

ஆனால் விபத்து என்கிறார்கள், ஐயா. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஏதோ ஒரு பலகை ஆடியதாம், அதனால் முடிவு மாறியதாம். அது போதாதென்று கதை எழுதுகிறவர் இப்போது வாய் திறந்திருக்கிறார். தளபதியாக நடித்தவரும் தானும் சேர்ந்து அந்தக் காட்சியை ரகசியமாக மாற்றியிருந்ததாகப் பேட்டி கொடுக்கிறார். சேனல் ஆளுக்குத் தெரியாமல் எடுத்துவிடத் திட்டமாம். தளபதியாக நடித்தவர் படத்துக்கு மாலை போட்டு, தீவைக் காத்த மாவீரன் என்று சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

அந்த மாற்றிய பக்கத்தைக் கதை எழுதுகிறவர் ஓர் உறையில் போட்டு, காட்சி தொடங்கும்போது எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தது உண்மைதான். நேற்று அதைப் பற்றிக் கேட்டீர்கள். உறையைப் பிரிக்கவே இல்லை என்றேன். உங்களிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. வாக்குமூலம் என்று எழுத உட்கார்ந்துவிட்டு அதை மட்டும் விட்டுவைப்பது சரியில்லை.

ஒத்திகை அன்று காலை ஏழு மணிக்குத் தந்தார். நின்ற இடத்திலேயே பிரித்துப் படித்தேன். தளபதி மேலே ஏறுகிறார். வெள்ளைக் கொடியைச் சுருட்டிக் கடலில் எறிகிறார். கப்பல்களைப் பார்த்து 'வரட்டும்' என்கிறார். அது ஒன்றுதான் வசனம். நன்றாகத்தான் இருந்தது. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அப்போது ஆணிகள் நான்கும் என் கைப்பையில் இருந்தன. அத்தான் ஏணியில் கால் வைத்தது அதற்கு ஒன்றரை மணி நேரம் கழித்து. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஆணிகளைத் திரும்ப அடிக்க அவருக்கு ஐந்து நிமிட வேலை. சொல்லியிருந்தால் தீவைக் காப்பாற்றியவர் தளபதியாக நடித்தவர் என்று ஆகியிருக்கும்.