இருநூறு புழுக்களுக்கு ஓர் இரங்கல்

பாலகோபால்: “…ஆகவே, நமது அடுக்ககத்தின் முதல் பட்டுப் பண்ணையைச் சேர்ந்த இருநூறு புழுக்களும் இன்று அதிகாலை இயற்கை எய்தின என்பதை, சங்கத் தலைவர் என்ற முறையில் கனத்த இதயத்துடன்…”

பங்காரம்மா: ஏனுங்க, இதைய குரூப்புல போட்டுட்டீங்களா?

பாலகோபால்: போட்டாச்சு. ஏழு பேரு கும்புடு போட்டிருக்காங்க. ஒருத்தன் மட்டும் கட்டைவிரலைத் தூக்கியிருக்கான்.

பங்காரம்மா: பூச்சி செத்ததுக்கு…

பாலகோபால்: பூச்சிங்காதே! முட்டையா வாங்கியாந்து, பத்து நாள் ஏ.சி. ரூமுல வெச்சு…

பங்காரம்மா: நாம ரெண்டு பேரும் ஹால்ல படுத்தோம்.

பாலகோபால்: பொறிச்சதும் மல்பெரித் தழையைப் பொடிசா நறுக்கி, நாலு நாள் ஊட்டி…

பங்காரம்மா: நறுக்குனது நானுங்க.

பாலகோபால்: அதை விடு. நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. நேத்து கொசுவத்தி வெச்சயா?

பங்காரம்மா: வெச்சேன், அதுக்கென்னங்க?

பாலகோபால்: புழு இருக்கற ஊட்டுல புகை ஆகாதுன்னு எத்தனை தடவை…

பங்காரம்மா: பதினாலு நாளா கொசு புடுங்குதுங்க! பால்கனியில, ஒரே ஒரு துண்டு…

பாலகோபால்: கொலை! இருநூறு கொலை!

பங்காரம்மா: இருங்க. முட்டை குடுத்த ராசப்பண்ணனையே கேட்டுப்போடலாம். ஸ்பீக்கர்ல போடறேன்… அண்ணா, நாந்தானுங்க, பங்காரம்மா. கொசுவத்திப் புகையில புழு பூராச் செத்துப்போச்சுன்னு இவரு என்னையக் கொலைகாரிங்கறாரு.

ராசப்பன்: கருத்துப்போச்சுங்களா? நாத்தமடிக்குதா?

பாலகோபால்: இல்லீங்க. பளபளன்னுதான் இருந்துச்சு. தழையைத் தொடலை. தலையை மட்டும் தூக்கிட்டு, அசையாம… கடைசியா என்னையப் பாக்கற மாதிரி.

ராசப்பன்: உங்களைய எதுக்குங்க பாக்குது? அது தூங்குதுங்க சார்! தோலுரிக்கறதுக்கு முன்னால அப்பிடித்தான் நிக்கும். ஒரு நாளைக்குத் தின்னாது. முட்டை குடுக்கறப்பவே சொன்னனே?

பங்காரம்மா: இவரு சொல்லவே இல்லீங்கண்ணா.

ராசப்பன்: எங்கீங்க கேட்டாரு? பட்டு எந்த நாட்டுல இருந்து வந்துச்சுன்னு எனக்குப் பாடம் நடத்திட்டிருந்தாரு.

பங்காரம்மா: கேட்டுக்கிட்டீங்களா? இப்பக் கொலைகாரி யாரு? போடுங்க குரூப்புல, இரங்கல் வாபஸ்னு.

பாலகோபால்: அது… வந்து…

ராசப்பன்: தழை போடாதீங்க. கை வெக்காதீங்க. எங்க இருக்குதோ அங்கயே உட்டுடுங்க. நாளைக்குத் தானா முழிச்சுத் திங்கும்.

பங்காரம்மா: செரிங்கண்ணா, நான் பாத்துக்கறேன்… ஏனுங்க, தட்டு காலியா இருக்குது? புழுவெல்லாம் எங்க?

பாலகோபால்: காலையில ஏழு மணிக்குக் குப்பை வண்டி வந்துச்சு. மக்கும் குப்பையில போட்டுட்டேன்.