பார்வை போன திசை

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் அணைத்துவிடுங்கள் ஐயா. இந்தச் சத்தத்தில் பதிவு செய்தால் பாதி வார்த்தை கேட்காது. பதினெட்டு வருஷமாகப் படம் வெட்டி ஒட்டுகிறவன் சொல்கிறேன்.

என் மனைவி இயக்குநர். நான் அவளுடைய எடிட்டர். அவள் எடுப்பதெல்லாம் விருது வாங்கும், கூட்டம் வராது. இந்தப் படத்தில் மருந்துக்கடை நடத்தும் ஐம்பது வயது விதவை ஒருத்தி, லிப்ட் பழுதுபார்க்க வரும் இளைஞன்மேல் ஆசைப்படுகிறாள். யாருக்கு யார்மேல் மனம் போகும் என்று வெளியிலிருந்து யாரும் சொல்லிவிட முடியாது என்பதுதான் கதை. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சரியான நடிகர் அமையாததால் நிஜ லிப்ட் மெக்கானிக் ஒருவனையே பிடித்து நடிக்க வைத்தாள். தங்கமான ஆள். என்னை வாய் நிறைய அண்ணா என்பான்.

எடிட்டிங் மேஜையில்தான் கவனித்தேன். 'கட்' சொன்ன பிறகும் கேமரா ஓரிரு நொடி ஓடும். அந்த நொடியில் அவன் கேமராவுக்கு ஒட்டினாற்போலப் பக்கத்தில் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பான். நாற்பத்தோரு டேக்கிலும் அதே சிரிப்பு. கேமராவை ஒட்டி நிற்பது என் மனைவி.

"இவன் யாரைப் பார்க்கிறான்?" என்று கேட்டேன்.

"எங்கயோ பார்த்துட்டுப் போறான். நீ ஷாட்டைப் பாரு."

நான் சண்டை போடவில்லை. இன்னும் ஒரு ஷாட் இருந்தால் படம் நிறைவாக இருக்கும் என்றேன். லிப்டுக்குக் கீழே இருக்கும் குழியில் அவன் இறங்கி வேலை செய்வதுபோல. அவளுக்கும் பிடித்துப்போயிற்று. சின்னக் குழு, ஆளுக்கொரு வேலை. மொட்டைமாடி அறையில் லிப்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் காவல் நிற்பதை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"கதவு திறந்திருந்தாலும் ஓடுற கிழட்டு லிப்ட் அண்ணா இது. நான் வெளிய வர்ற வரைக்கும் சுவிட்சை யாரையும் தொட விடாதீங்க" என்றான்.

"விடமாட்டேன்" என்றேன். யாரையும் விடவுமில்லை.

சுவிட்சை நானே போட்டேன். பக்கத்தில் லிப்டைக் கீழே இறக்கும் பொத்தான். அதையும் அழுத்தினேன். நிதானமாகத்தான் இறங்கியது.

நான் படியிறங்கி வந்தபோது என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். குழியருகே குப்புற விழுந்து, "உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா" என்று கதறிக்கொண்டிருந்தவர் எங்கள் ஒளிப்பதிவாளர். 'கட்' சொன்னதும் அவர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பார். அதை நான் யோசிக்கவில்லை. ஒரு சாண் வித்தியாசம். தொழிலில் எனக்கு இது முதல் பிசகு.

வருத்தம்தான். ஆனால் பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது என் சுபாவத்திலேயே கிடையாது. அவளிடம் நான் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள், கேட்டுப்பாருங்கள்.

அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாரே, அந்த இளம் அதிகாரி. அவள் தம்ளரை வாங்கிய பிறகும் அங்கேயே நிற்கிறார். அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா ஐயா?