கதவுக்குக் கேக்கட்டும்

...நாலு தடவை சார்! நாலு தடவை பெல் அடிச்சிட்டேன். மொத தடவை அடிச்சப்போ உள்ள டிவி ஓடிட்டிருந்துச்சு. ரெண்டாவது தடவை அடிச்சதும் டிவி சத்தம் ஏறுச்சு. அப்ப ஆளு உள்ள இருக்கான்னுதானே அர்த்தம்? டிவி தானா ஏத்திக்குமா? ஞாயித்துக்கெழமை மத்தியானம் மனுசன் மெனக்கெட்டு ரெண்டு மாடி ஏறி வந்திருக்கான்... ஓ, நீங்க எதிர் வீடா? நல்லதாப் போச்சு. பையைக் குடுங்க. அட குடுங்க சார், ரெண்டு கையிலயும் பையை வச்சிக்கிட்டு சாவியை எப்படித் தேடுவீங்க? நான் பிடிச்சிக்கிறேன், நீங்க நிதானமாத் தேடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.

நான் யாரா? இந்த வீட்டுக்காரனோட அக்கா புருசன். ஆமா, உள்ள இருக்கிறது என் மச்சினன். பதினோரு வருசமா ஒரே மேசையில எதிரெதிரே உக்காந்து வேலை பாக்குறோம். பாத்தோம். இப்ப மூணு வாரமா இல்ல. ஐயா கோவிச்சிக்கிட்டு, ஈயம் பத்தவைக்கிற சால்டரிங் அயனைச் சுருட்டிக் கக்கத்துல வச்சிக்கிட்டு வந்துட்டாரு. எதுக்காம்? அதைத்தானே சார் சொல்ல வர்றேன்! ...இல்லல்ல, கத்தல. என் குரலே இப்படித்தான்.

என்ன வேலைன்னு கேட்டீங்களா? கேக்கலையா? பரவால்ல, சொல்றேன். மானிட்டர் கன்ட்ரோலர் செய்றோம். ...கம்ப்யூட்டர் மானிட்டர் இல்ல சார். எல்லாரும் இதையேதான் கேக்குறாங்க. எங்க மாமனாரும் பொண்ணு குடுக்கும்போது இதையேதான் கேட்டாரு, நானும் மணிக்கணக்கா வெளக்குனேன். இன்னைக்கு வரைக்கும் அவரு, மாப்பிள்ளை டிவி ரிப்பேர் பண்றாருன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறாரு. நீங்களாவது கேளுங்க. ரெக்கார்டிங் ஸ்டூடியோவுல பாட்டைக் கலக்குற இன்ஜினியர் முன்னாடி பெரிய ஸ்பீக்கர் ஒரு ஜோடி, சின்ன ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருக்கும். அதுக்குப் பேருதான் மானிட்டர். எந்த ஜோடி பாடணும், எவ்வளவு சத்தமாப் பாடணும்னு சொல்றதுக்கு அவர் கைகிட்ட ஒரு டப்பா இருக்கும். நடுவுல ஒரு பெரிய குமிழ், பக்கத்துல நாலஞ்சு பட்டன்...

என்னது? "வால்யூம் குமிழா?"ன்னா கேட்டீங்க?

சார்... பாத்தா பெரிய மனுசனாத் தெரியறீங்க, போகட்டும்னு விடறேன். வால்யூம் குமிழ்தான். ஆனா கடையில விக்கிற சாதாரணக் குமிழைக் கொறைச்சுப் பாருங்க. கொறைக்கக் கொறைக்க ஒரு பக்கத்து சத்தம் ஓங்கும், இன்னொரு பக்கத்து சத்தம் அமுங்கும். நடுவுல நின்னு பாடிட்டிருந்த அம்மா மெல்ல இடது பக்கமா நகந்துடுவாங்க. நெசமாவே நகரல, காதுக்கு அப்படித் தெரியும். இன்ஜினியர் பாவம், பாட்டுலதான் தப்புன்னு நெனச்சு பாட்டைத் திருத்த ஆரம்பிச்சிடுவாரு. நல்லா இருந்த பாட்டு நாசம்! ஒரு குமிழ் செஞ்ச வேலை!

எங்க டப்பாவுல அது நடக்காது. ஏன் நடக்காது? எல்லாம் உள்ள உக்காந்து டிவி பாக்குதே, அந்தப் புண்ணியவானாலதான். குமிழோட ஒவ்வொரு படிக்கும் உள்ள தனித்தனியா, சத்தத்தைக் கொறைக்கிற குட்டி ரெசிஸ்டர் வச்சிருக்கோம், இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு. திருப்பும்போது ரிலேன்னு ஒரு சுவிட்சு டிக் டிக்னு மாத்திவிடும். அந்த ரெண்டு ரெசிஸ்டரும் அச்சு அசலா ஒரே அளவா இருக்கணும். கடையில வாங்குற எதுவும் அப்படி இருக்காது சார். இவன் என்ன பண்ணுவான்னா, ஆயிரம் ரெசிஸ்டரைக் கொட்டி வச்சிக்கிட்டு, ஒவ்வொண்ணா மீட்டர்ல அளந்து, ஜாதகம் பாக்குற மாதிரி பொருத்தம் பாத்து ஜோடி சேப்பான். ஒரு டப்பாவுக்கு நாலு நாள். இந்த மூணு வாரத்துல நான் உக்காந்து எத்தனை டப்பா முடிச்சேன் தெரியுமா? ஒண்ணு கூட இல்ல. நாப்பது ஜோடி சேத்தேன், பதினேழு தப்பு. ஒரு ஸ்டூடியோக்காரர் தெனமும் போன் பண்றாரு. நான் போனையே எடுக்கிறதில்ல...

பாத்தீங்களா! பாத்தீங்களா! உள்ள டிவி சத்தம் கொறைஞ்சிருச்சு! தன்னைப் புகழ்றது மட்டும் எப்படிக் கேக்குது பாருங்க. எனக்குக் கதவைப் பத்தித் தெரியும் சார். இது வெறும் பலகைக் கதவு, அடியில ரெண்டு விரல் இடுக்கு வேற. நாம பேசுறது பாதிக்கு மேல உள்ள போகும். ...ஜாடை எல்லாம் பேசல. நான் உங்ககிட்டதான் பேசுறேன். கதவு கேட்டா அது கதவோட இஷ்டம்.

அந்தச் சாவி இல்லைன்னு நெனக்கிறேன், அந்தப் பெரிய சாவியைப் போட்டுப் பாருங்க.

இருங்க, சண்டையைச் சொல்லலையே. நாலு நாள் பொருத்தம் பாத்தா எப்பங்க வியாபாரம் உருப்படும்? நான் ஒரு புது டப்பா வடிவமைச்சேன். ரிலேவும் வேணாம், ரெசிஸ்டரும் வேணாம், எல்லா வேலையும் ஒரு சின்னச் சிப்பு பாத்துக்கும். அரை நாள்ல ஒரு டப்பா! இவன் என்ன சொல்லணும்? "சபாஷ் மாமா"ன்னு சொல்லணுமில்ல? மூஞ்சியைச் சுளிக்கிறான். "பவர் சப்ளையை சிப்புக்கு இவ்ளோ பக்கத்துல வச்சா சத்தம் தெளிவா இருக்காது மாமா, தள்ளி வையுங்க"ங்கிறான். எனக்கே பாடம்! அவனுக்கு சால்டரிங் அயனைப் பிடிக்கக் கத்துக் குடுத்ததே நான்தான் சார். ...சரி, நான் இல்ல, அவனாவே கத்துக்கிட்டான். ஆனா அயன் என்னோடது.

வாக்குவாதம் முத்திப்போயி, சரிடா, காதே தீர்ப்பு சொல்லட்டும்னு நானே ஒரு பரீட்சை வச்சேன். அவன் டப்பா ஒண்ணு, என் டப்பா ஒண்ணு. ரெண்டு மேலயும் கறுப்புத் துணி. மேல ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர்னு மட்டும் எழுதி ஒட்டியாச்சு. எது எதுன்னு என் வீட்டம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவ கணக்கு டீச்சர், எங்க ரெண்டு பேரையும் அவ நம்புறதில்ல, அதனால நடுவர் வேலைக்குப் பொருத்தமானவ. சத்தத்தை மீட்டர் வச்சு மயிரிழை மாறாமச் சமப்படுத்துனோம். ஏன்னா துளி சத்தம் கூட இருந்தாலும் அதுதான் நல்லா இருக்குன்னு காது ஏமாந்துடும். குமிழை யாரும் தொடக்கூடாது, தொட்டா ரிலே டிக்குன்னு காட்டிக் குடுத்துடும். கேக்கிறது நாலு பேரு: நான், இவன், எங்ககிட்ட டப்பா வாங்குற இன்ஜினியர் ரெண்டு பேரு. ஒருத்தர் தாடிக்காரர், இன்னொருத்தர் ஒரு அம்மா, ரொம்பக் கறாரு. கேட்டது எப்படி இருந்துச்சுன்னு ஆளுக்கொரு சீட்டுல எழுதணும், யாரு எழுதினதுன்னு கண்டுபிடிக்க முடியாதபடி எல்லாரும் இடது கையால எழுதணும்னு ஒரு விதி. அதுவும் நான் போட்ட விதிதான்.

எல்லாம் முடிஞ்சு வீட்டம்மா சீட்டைப் படிக்கிறா. மொத மூணு சீட்டும், ஒண்ணாம் நம்பர் நல்லா இருக்கு, ரெண்டாம் நம்பர் கொஞ்சம் மங்கல். மரியாதையா எழுதியிருந்தாங்க. நாலாவது சீட்டு இருக்கே... "ரெண்டாம் நம்பரைக் கேக்குறது ஈரப் போர்வையைப் போத்திக்கிட்டு பாட்டு கேக்குற மாதிரி இருக்கு. இதைச் செஞ்சவனுக்குக் காது எதுக்கு? கண்ணாடி மாட்டவா?" அப்படின்னு எழுதியிருக்கு சார்! தாடிக்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. அந்தக் கறாரான அம்மாவே சிரிக்கிறாங்க. வீட்டம்மா துணியை எடுத்தா... ரெண்டாம் நம்பர், என் டப்பா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? எழுந்து நின்னேன், மச்சினனைப் பாத்துக் கையை நீட்டுனேன். "நீதான்டா! பொறாமையில எழுதியிருக்க! கூடவே இருந்து குழி பறிக்கிறியா?" அத்தனை பேருக்கு முன்னாடியும் கேட்டேன்.  என்னையே பாத்தான்.  அப்புறம் அயனைச் சுருட்டுனான்.

...டிவியை இன்னும் கொறைச்சிட்டான், கவனிச்சீங்களா? காத்தாடி சுத்துறது கேக்குது இப்ப.

என்ன கேக்குறீங்க? "அவர்தான் எழுதினாரா?"வா? ...பூட்டு தொறந்திருச்சு போல? தொறக்கட்டும், நில்லுங்க சார், முக்கியமான கட்டத்துல போகாதீங்க. கிட்ட வாங்க. மெதுவாச் சொல்றேன், இது கதவுக்கு வேணாம்.

அவன் எழுதல.

தாடிக்காரரும் எழுதல. அந்த அம்மாவும் எழுதல. ...ஆமா. கணக்கு சரிதான். நாலுல மூணு போனா ஒண்ணு.

நான் என்ன சார் பண்ணுவேன்! ரெண்டாம் நம்பர் அவனோடதுன்னு நெனச்சேன்! சொந்தப் புள்ளை அழுற சத்தம் எனக்குத் தெரியாதான்னு ஒரு திமிரு. ஒண்ணாம் நம்பர் அவ்ளோ நல்லா இருந்துச்சா, அப்ப அது என்னோடதாத்தான் இருக்கும்னு முடிவே பண்ணிட்டேன். துணியை எடுத்ததும் காது ரெண்டும் சூடாயிருச்சு. எல்லாரும் யாரு எழுதினது, யாரு எழுதினதுன்னு கேக்குறாங்க. வாயில வந்துருச்சு சார். கை தானா நீண்டுருச்சு. அப்புறம் எப்படி மடக்குறது?

வீட்டம்மா அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டா. அந்தச் சீட்டுல வட்டமா டீ கறை. டீ கிளாஸைக் காகிதத்து மேல வைக்கிற ஒரே ஜென்மம் எங்க வீட்டுல நான்தான். மூணு வாரம் பொறுத்துப் பாத்தா. இன்னைக்குக் காலையில அந்தச் சீட்டை என் கையில குடுத்து, "நாலு பேர் முன்னாடி பழி போட்டீங்கல்ல? நாலு பேர் முன்னாடி போயி உண்மையைச் சொல்லிட்டு என் தம்பியைக் கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா நீங்களும் அங்கயே இருந்துக்கோங்க"ன்னுட்டா. அவ சொல்றதுக்காக வரல சார். எதிர் நாற்காலி காலியா இருக்கு. காலையில ஏதாவது சொல்லித் திட்டணும்னு தலையைத் தூக்குவேன், ஆள் இருக்காது. அழுகையா வருது...

சார்? சார்! எங்க போறீங்க? பை! உங்க பை எங்கிட்ட இருக்கு! ...போயிட்டாரே. 

ஐயோ, உள்ள டிவியை இவ்ளோ சத்தமா வச்சிட்டானே. டேய் மச்சான், நான் சொன்னது கேட்டுச்சில்ல? கேட்டுச்சுன்னா தொற. கேக்கலையா? மெதுவாப் பேசுனேன்னு கோவமா? சரிடா. நான்தான் எழுதினேன்.

இன்னும் ஏத்துறியா? நான்தான் எழுதினேன்னு சொல்றேன்! அடேய், காது கிழியுது, ஸ்பீக்கர் போயிரும்டா! சரி, சரி! எல்லாரும் கேளுங்க! அந்தச் சீட்டை நான்தான் எழுதினேன்! என் மச்சினன் எழுதல! என் டப்பாவை நானே திட்டிக்கிட்டு அவன் மேல பழி போட்டேன்! பவர் சப்ளையைப் பத்தி அவன் சொன்னதும் சரி! போதுமா?

...டிவியை அணைச்சிட்டான்.

மேல் மாடியில எட்டிப் பாக்குறது யாரு? ஒண்ணுமில்லம்மா, குடும்ப விசயம். நல்லா கேட்டுச்சா? சந்தோசம். ...சார், வந்துட்டீங்களா! ஓ, உங்க வீட்டம்மாவையும் கூப்பிடத்தான் உள்ள போனீங்களா? நாற்காலி வேறயா. நல்லா இருங்க. வணக்கம்மா, நான்தான் அந்தப் பொய்யன்.

மச்சான், நாலு பேருக்கு மேலயே சேந்துட்டாங்கடா. தொறடா.

என்னது? சத்தமாச் சொல்லு... பின்பக்கமா? சீட்டோட பின்பக்கமா? அது எதுக்குடா இப்ப? உங்கக்கா சொல்லிட்டாளா அதையும்! ...இல்ல சார், ரெண்டாம் நம்பரைப் பத்தி முன்பக்கம் எழுதினேன், ஒண்ணாம் நம்பரைப் பத்திப் பின்பக்கம் எழுதினேன். அவ அதை அன்னைக்குப் படிக்கல. அது... அது என்னோட டப்பான்னு நெனச்சு எழுதினது சார். எனக்கு நானே எழுதிக்கிட்டது. அதைப் போயி இத்தனை பேருக்கு நடுவுல...

படிக்கிறேன்டா. சட்டைப் பையிலதான் இருக்கு. இரு, கண்ணாடியை மாட்டிக்கிறேன்.

"ஒண்ணாம் நம்பர். பாடுற அம்மா எனக்கு நேரா முன்னாடி நிக்கிறாங்க. பாடுறதுக்கு முன்னாடி அவங்க மூச்சு எடுக்கிறது கேக்குது. இப்படி ஒரு டப்பாவை நான் இதுவரைக்கும் கேட்டதே இல்ல. இதைச் செஞ்சவனோட..."

மூணாவது மாடிக்குக் கேக்கலையாமா? யாருக்கு, அவங்களுக்கா உனக்கா? சரி, சரி. "இதைச் செஞ்சவனோட கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கணும்!"

முடிஞ்சுதுடா. அவ்ளோதான் எழுதியிருக்கு. நெசமாத்தான்டா எழுதினேன், யாரு செஞ்சதுன்னு தெரியாம எழுதினாலும் நெசம்தான்...

ஆ, தாழ்ப்பாள்! தொறக்குறான் சார்! ...எங்க, இவ்ளோதானா? சங்கிலியை எடுக்காம நாலு விரல்கடைதான் தொறந்திருக்கான். மூஞ்சியைக் காட்டு மச்சான். மூஞ்சியைக் காட்டாம கையை மட்டும் எதுக்குடா வெளிய நீட்டுற?

...அட படவா.

சார், இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க. நான் கண்ணாடியைக் கழட்டணும்.