அங்கே மழையா, வெயிலா

— மூடாதே அம்மணி! மூடாதே! கையெடு!

— அய்யோ, எடுத்துட்டனுங்கய்யா. மேசையில எடம் பத்தலீன்னு சித்த மடக்கி வெக்கலாம்னு பாத்தேன்.

— மடக்கப்படாது. பல்லடத்துலிருந்து இந்தக் காந்திபுரம் வரைக்கும் மடக்காமத்தான் கொண்டாந்திருக்கறேன். காருக்குள்ள இன்வெர்ட்டர ஏத்தி, வயர இழுத்து, கைக்கொழந்தையாட்ட மடியில வெச்சுட்டு வந்தேன். பிளக்க மாட்டு மொதல்ல. அதோட பேட்டரி மூணு நிமிசந்தான் தாங்கும்.

— மாட்டியாச்சுங்க. லைட்டு வந்துருச்சு பாருங்க. எத்தன நாளா நிறுத்தாம ஓட்டறீங்க?

— அஞ்சு வருசமா.

— அஞ்சு வருசமா! எங்க சர்வீஸ்ல இல்யாஸ் அண்ணன் இருக்கறாரு. இதக் கேட்டா மயங்கி உளுந்துருவாருங்க.

— சிரிக்காதே. நிறுத்தினா மறுக்கா பாஸ்வேர்டு கேக்கும். அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சவ இல்ல.

— இல்லீங்களா? மன்னிச்சுக்கோங்கய்யா, நான் வந்து...

— அட, உசுரோடத்தான் இருக்கறா. எங்கூட்டுல இல்ல. அவ்வளவுதான். நீ புது லேப்டாப்பக் காட்டு.

— காட்டறனுங்க. எதுக்கு வேணும்னு சொன்னா அதுக்குத் தோதா எடுத்துத் தருவேன். பண்ணைக் கணக்குக்குங்களா?

— கோழிப்பண்ணைய என்ற அண்ணன் மகன் பாத்துக்கறான். எனக்கு இந்தத் திரையில என்ன இருக்குதோ அது அப்படியே புதுசுல வரோணும். ஒரு நூலு நகரப்படாது.

— இது டெஸ்க்டாப்ப அலங்கரிக்கற சாப்ட்வேருங்க. காலேஜ் பசங்க போடுவாங்க. உங்க வயசுல ஒருத்தர் இதுக்காக லேப்டாப்பு கேட்டு வந்தத இன்னைக்குத்தான் பாக்கறேன். கடிகாரம் ரொம்ப நல்லா இருக்குதுங்கய்யா! முள்ளு ரெண்டும் கோழி எறகு மாதிரி. யாருங்க செஞ்சது?

— ...காலேஜ்ல படிக்கறப்ப செஞ்சது. வெலையச் சொல்லு. இது என்ன?

— அது வேண்டாமுங்க. வெல கம்மிதான். ஆனா அதுல கம்பெனிக்காரங்க ஒரு பூட்டுப் போட்டு வெச்சிருக்காங்க. வெளியிலிருந்து இந்த மாதிரி சாப்ட்வேர் ஏறாது. பூட்டத் தொறந்து ஏத்தலாம், ஆனா மெமரி பத்தாது. கடிகாரம் ஓடறப்பவே மூச்சு வாங்கும்.

— வெல கம்மியானத எனக்கு எதுக்குக் காட்டறே? பல்லடத்துல சென்னிமலைன்னு கேட்டுப் பாரு. எங்கூட்டுக்குள்ள மட்டமான சாமான் வந்ததில்ல. அந்தக் கோடியில ஒண்ணு லைட்டுப் போட்டுட்டு நிக்குதே, அது?

— அது கேமு வெளையாடறதுக்குங்க.

— மாரியம்மன் தேராட்ட இருக்குது.

— சத்தமும் அப்படித்தானுங்க வரும். உங்களுக்கு அது தேவையில்லீங்கய்யா. இந்தாங்க, நடுத்தரமா ஒண்ணு. பதினாறு ஜிபி மெமரி, திரை பெருசு, கண்ணுக்கு எதமா இருக்கும். நாள் முழுக்க ஓடினாலும் சூடாகாது. இதே போதுமுங்க.

— மூணுல இதுக்குத்தான் உனக்குக் கமிஷன் ஜாஸ்தியா?

— தேருக்குத்தானுங்க ஜாஸ்தி. அத வேண்டாம்னு சொல்லிப்போட்டனே.

— ம். நேர்மையாப் பேசறே. உன்ற பேரென்ன?

— மெர்சிங்க.

— ஊரு?

— எங்க தாத்தன் காலத்துல பல்லடத்துக்குப் பக்கமுங்க. இப்ப செட்டிபாளையம் ரோட்டுல இருக்கறோம்.

— பல்லடத்துக்குப் பக்கம்னா எந்தப் பக்கம்? உங்க தாத்தன் பேரென்ன? யாரோட காடு தோட்டத்துல இருந்தீங்க?

— காடு வேறொருத்தரதுங்கய்யா. வேலைக்குப் போனது எங்க தாத்தன். நீங்க எதுக்குச் சுத்தி வளைச்சுக் கேக்கறீங்கன்னு தெரியுது. அதனால நேராவே சொல்லிப்போட்டேன்.

— நான் ஒண்ணும் கேக்கலியே.

— சரிங்க. கேக்கல. டீ சொல்லட்டுங்களா?

— வேண்டாம். வெளிய நான் ஒண்ணும் குடிக்கறதில்ல.

— சரிங்க. அப்ப பழசுல என்னென்ன இருக்குதுன்னு பாத்துக்கறேன். ஒண்ணு சொல்லிடறேன், புதுத் திரை பெருசு. அப்படியே காப்பி பண்ணினா கடிகாரம் நடுவுக்கு வந்துரும். அளவெடுத்துத்தான் நகத்தோணும்.

— நகத்து. எத்தன நேரமானாலும் நகத்து. வலது பக்கம், மேல, அந்த மூலையிலதான் அவ வெச்சா. அங்கதான் இருக்கோணும்.

— வெச்சுக் குடுக்கறேன். கடிகாரத்துக்குக் கீழ இந்தப் பெட்டி வானிலைதானுங்களே? இருவத்தி நாலுன்னு காட்டுது. மேகம் போட்டிருக்குது. ஆனா ஊர்ப் பேரே இல்ல.

— இருவது நாளா அந்த இருவத்தி நாலுதான் நிக்குது. ராத்திரியும் இருவத்தி நாலு, மத்தியானமும் இருவத்தி நாலு. எங்கூர்ல ஒருத்தன்கிட்டக் காட்டினேன். லேப்டாப்புக்கு வயசாகிப்போச்சு, மூளை நின்னுபோச்சுன்னான். அதுக்குத்தான் புதுசு வாங்க வந்தேன்.

— அடக் கடவுளே. லேப்டாப்பு மேல தப்பே இல்லீங்கய்யா. வானிலைய அனுப்பிட்டிருந்த கம்பெனி நிறுத்திப்போட்டாங்க. நீங்க எத்தன பெரிய லேப்டாப்பு வாங்கினாலும் அந்தப் பெட்டி இருவத்தி நாலுலயேதான் நிக்கும். வேற எடத்துலிருந்து எடுக்கற மாதிரி மாத்தோணும்.

— மாத்த முடியுமா?

— பத்து நிமிச வேல. பழசுலயே கூடச் செய்யலாம். ஆனா விசிறி கத்தறதக் கேட்டா இன்னும் ரெண்டு மாசந்தான் தாங்கும் போல.

— அப்ப புதுசுலயே செஞ்சுரு. நான் வாங்கறேன்னு சொன்னா வாங்கறதுதான்.

— எந்த ஊருன்னு சொல்லுங்க.

— அதுலயே இருக்குமே.

— தொறந்து பாத்தேன். வெறும் நம்பருதான் இருக்குது. அந்தக் கம்பெனிக்காரன் ஊருக்கு ஊர் ஒரு நம்பர் வெச்சிருந்தான். அவன் போனதோட அதுவும் போச்சு. யாருங்க இத மாட்டிக் குடுத்தது? அவங்கள வேண்ணா கேட்டுக்கலாம்.

— தேஜஸ்ரீன்னு ஒரு புள்ள. அவளோட கூடப் படிச்சவ. அஞ்சு வருசத்துக்கு முன்னாடி ஊட்டுக்கு வந்தா. பழைய நோட்ஸ் எடுக்கோணும்னு சொல்லி, அவளுக்குத் தெரிஞ்ச பாஸ்வேர்டப் போட்டு லேப்டாப்பத் தொறந்து அர மணி நேரம் உக்காந்திருந்தா. அவ போனதுக்கப்புறம் பாத்தா கடிகாரத்துக்குக் கீழ இது இருந்துச்சு. அவளும் ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. இப்ப அவ கனடாவுல.

— சொல்லாம எப்படிங்க தெரிஞ்சுது, எந்த ஊருன்னு?

— சமையக்கட்டுல ராசம்மாகிட்டச் சொல்லியிருக்கா. ராசம்மான்னா என்ற சம்சாரம். அது என்ற காதுல உளுந்துச்சு. உளுகாத மாதிரி இருந்துக்கிட்டேன்.

— உங்க மகளா, அய்யா? அந்த வானிலை உங்க மக இருக்கற ஊரோடதுங்களா?

— ஏழு வருசம் ஆச்சு. எங்க குலசாமி கோயில்ல, ஒறம்பரை எல்லாரும் நிக்க, தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுச் சொன்னேன். இனி அவ பேரு எங்கூட்டுல கேக்கப்படாது, அவ இருக்கற ஊரோட பேரும் கேக்கப்படாதுன்னு. சொன்னா சொன்னதுதான். இன்னைக்கு வரைக்கும் என்ற வாயில வரல.

— அவங்க யாரக் கட்டிக்கிட்டாங்க?

— அவன் அப்பன் எங்க காட்டுல வேல பாத்தவன். பையன் பரீட்ச எழுதி ரயில்வேல சேந்துட்டான்.

— ஓ. அப்ப எங்காளுக மாதிரி.

— ...ஆமா.

— அப்ப இந்த லேப்டாப்ப என் கையில குடுத்தது தப்பில்லீங்களா?

— கடை வேற, ஊடு வேற அம்மணி.

— ஆமாங்கய்யா. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க.

— கோவிச்சுக்கிட்டயா?

— கோவிச்சு என்னங்க ஆகப்போகுது. வேலையப் பாக்கறேன். ஒண்ணு கேக்கறேன், உங்க போன்லயே எந்த ஊரு வானிலையும் தெரியுமே. அதுக்கு எதுக்கு இத்தன பாடு?

— போன்ல பாக்கோணும்னா நான் அந்த ஊரத் தேடோணும். என்ற வெரல்ல அந்தப் பேர அடிக்கோணும். இது அப்படியில்ல. தானா வந்து நிக்கும். காலையில எந்திரிச்சு மணி பாக்கப் போவேன். மணி பாக்கறப்ப அது கண்ணுல படும். நான் தேடிப் போகல பாரு.

— அது கண்ணுல படறதுக்காகத்தானே மணி பாக்கப் போறீங்க?

— உனக்கு வாய் ஜாஸ்தி.

— எங்க ஆத்தாளும் அதத்தான் சொல்லுங்க.

— பாத்துட்டு சத்தமாச் சொல்லுவேன். ‘இன்னைக்கு முப்பத்தி மூணு’ன்னு. யார்கிட்டயும் சொல்றதில்ல, சும்மா சொல்லுவேன். ராசம்மா உள்ள ஏதாச்சும் உருட்டிக்கிட்டு இருப்பா. சத்தம் நின்னுரும். ‘மழையிருக்குதுங்களா?’ன்னு கேப்பா. எங்கன்னு கேக்கமாட்டா. ‘சாயந்தரத்துக்கு மேல இருக்குது’ம்பேன். அவ்வளவுதான் பேச்சு. அஞ்சு வருசமா எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அந்தப் புள்ளயப் பத்தி அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாள் அதுல கன மழைன்னு காட்டுச்சு. எங்க தோட்டத்துல சுள்ளுன்னு வெயிலு. நான் சொன்னது காதுல உளுந்ததும் ராசம்மா எந்திரிச்சு ஓடறா. எதுக்குன்னு பாத்தா, கொடியில காஞ்சிட்டிருந்த எங்க துணிய அத்தனையும் எடுத்து உள்ள கொண்டாந்து போடறா. ஒரு வார்த்த சொல்லல. நானும் கேக்கல. அங்க யாரு எடுப்பாங்களோ, எடுக்க ஆளிருக்குதோ இல்லியோ.

— கொழந்தைங்க இருக்குதுங்களா?

— இருக்குதுன்னு காதுல உளுந்துச்சு. ஆணா பொண்ணான்னு உளுகல.

— இந்த இருவது நாளா அம்மா என்ன பண்றாங்க?

— மொத ரெண்டு நாள் ‘இருவத்தி நாலு’ன்னு சொன்னேன். மூணாவது நாளும் சொன்னேன். அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. நாலாவது நாள் மழையிருக்குதான்னு கேக்கல. இப்பெல்லாம் ரெண்டு வாய் உங்கறா, தட்ட வெச்சுடறா. டாக்டர்கிட்டக் காட்டினா ஒடம்புக்கு ஒண்ணுமில்லைங்கறாரு. அவருக்கு என்னன்னு சொல்றது? எங்கூட்டுல வானிலை நின்னுபோச்சுன்னா?

— இந்த லேப்டாப்பு இன்னைக்கே ஊட்டுக்குப் போயிரும். நீங்க கவலப்படாதீங்க. கடிகாரம் ஏறிருச்சு, மூலையில நிக்குது, பாருங்க. அளவு சரிங்களா?

— சித்த மேல. இன்னும் சித்த. ம். அங்கதான்.

— பெட்டியும் கீழ வெச்சாச்சு. ஆனா காலியா நிக்குது பாருங்க. ஊர்ப் பேர் குடுத்தாத்தான் ஓடும்.

— நம்பர் போட முடியாதா?

— இதுல நம்பர் கெடையாதுங்க. பேருதான்.

— நீ அக்கட்டாலத் திரும்பிக்க. நானே அடிக்கறேன்.

— சரிங்க. திரும்பிக்கிட்டேன்.

— ...

— ...அய்யா?

— இரு.

— அஞ்சு நிமிசம் ஆச்சுங்கய்யா. ஒரு பொத்தான் சத்தம் கூடக் கேக்கல.

— எத்தன ரசீதுல கையெழுத்துப் போட்ட கை அம்மணி. இப்ப வரமாட்டேங்குது.

— நான் வேண்ணா அடிக்கட்டுங்களா? நீங்க வாயில சொன்னாப் போதும். இது உங்க ஊடு இல்லீங்க, கடைதான். கடை வேற, ஊடு வேறன்னு நீங்கதான சொன்னீங்க.

— திருப்பி அடிக்கறே.

— இல்லீங்க. அம்மா ராத்திரிக்காச்சும் நல்லா உங்கோணும்னு சொல்றேன்.

— வாயிலயும் வரமாட்டேங்குது அம்மணி.

— சரி, நானே கேக்கறேன், தலைய மட்டும் ஆட்டுங்க. ரயில்வேன்னா வடக்கதான் தூக்கிப் போட்டிருப்பாங்க. எங்க சித்தப்பா பையனக் கூட பீகார்ல போட்டுட்டாங்க. பீகாருங்களா?

— இல்ல.

— அஸ்ஸாமுங்களா? அங்கதான் எந்நேரமும் மழை.

— இல்ல.

— கல்கத்தா பக்கமா? ஒரிசாவா? அய்யா, அந்தப் புள்ள எத்தன தூரந்தான் போயிருக்குது? இங்கிருந்து ரயில்ல எத்தன நாளுங்க?

— ரயிலெல்லாம் வேண்டாம் அம்மணி. போத்தனூருன்னு அடி. உங்க கடை வாசல்லயே டவுன் பஸ்ஸு நிக்கும்.