பார்சல் வாங்கி வைக்கும் மாமா

“எனக்கு வர்ற பார்சலையெல்லாம் இப்ப என் கடைக்குப் பக்கத்துல இருக்குற சவப்பெட்டிக் கடை மாமாதான் வாங்கி வைக்கிறாரு.”

சிதம்பரம் பஸ்ஸில் என் முன்சீட்டுப் பெண், வளையல் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். பக்கத்திலிருந்த அக்கா திரும்பினார்.

“உன் கடை என்னாச்சுடி?”

“நான் சாப்பிடப் போற நேரம் பாத்துதான் கூரியர் வருவான். பூட்டியிருந்தா திருப்பி எடுத்துட்டுப் போயிடுவான். அவரு மட்டும் கடைய சாத்தவே மாட்டாரு.”

“இது கல்யாண வளையலாச்சே!”

“ஆமாக்கா, நாளைக்குக் காலையில முகூர்த்தம். இன்னிக்கும் திரும்பிப் போயிருந்தா பொண்ணு வீட்டுல என்னைய உண்டு இல்லைன்னு பண்ணிருப்பாங்க. இப்பதான் உசுரு வந்துச்சு.”

“கடையில எங்க வச்சிருந்தாரு?”

“மழைச்சாரல் படக்கூடாதுன்னு, ஒரு சவப்பெட்டிக்குள்ள வச்சு மூடிட்டாரு.”

“அடிப்பாவி!”

“புதுப் பெட்டிதான்க்கா.”